காய்ச்சல்னா ஏன் பிரட்? ஈஸ்ட்டின் கதை (நீளமான த்ரெட்)

1/
"டாக்டர், அஞ்சு நாளா சோத்தைக் கையால தொடல. வெறும் பிரட்டும் பாலும்தான். அப்புறம் எப்படி சுகர் ஏறும்?"

ஆரணியில் ஓ.பி. பார்க்கும்போது ஒரு தறிக்கார ஐயா என்னிடம் கேட்ட கேள்வி இது. காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் சர்க்கரை 380. உடம்பு தளர்ந்து, தறியில் உட்கார்ந்தால் மிதிகட்டையை மிதிக்கக் கால் வரவில்லை என்கிறார். பக்கத்தில் ஆறு மாத கர்ப்பிணியான மருமகள், கையில் பிரட் பாக்கெட்டோடு நிற்கிறார்.

2/
"ஒரு நாளைக்கு எத்தனை துண்டு ஐயா?"
"வேளைக்கு நாலு. பால்ல சர்க்கரை போட்டு நனைச்சு."

கணக்குப் போடுங்க. ஒரு துண்டில் சுமார் 14 கிராம் மாவுச்சத்து. 12 துண்டுக்கு ஏறக்குறைய 170 கிராம். அதற்கு மேல் பாலில் போட்ட சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளக்கும் கிளைசெமிக் குறியீட்டில் வெள்ளைச் சோறு சுமார் 73, வெள்ளை பிரட் சுமார் 75. அவர் சோற்றை விட்டுவிட்டுச் சோற்றின் தம்பியைச் சாப்பிட்டிருக்கிறார்.

3/
அவர் மேல் தப்பே இல்லை. காய்ச்சல்னா பிரட் என்பது நம் எல்லா வீட்டிலும் சட்டம் மாதிரி. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போனால் பிரட் பாக்கெட், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ்.

இதை நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது? தேடிப் பார்த்ததில் ஒரு வேடிக்கை தெரிந்தது. நாம் மருந்து மாதிரி நம்பும் பிரட் மருந்தே இல்லை. ஆனால் அதை உப்ப வைக்கிற ஈஸ்ட் உண்மையிலேயே ஒரு பெரிய மருந்துக்கு வழி காட்டியிருக்கிறது. அந்த மருந்தை நம் ஊர்ப் பெண்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

4/
முதலில், பிரட் வருவதற்கு முன்னால் நம்ம ஊரில் காய்ச்சல்காரருக்கு என்ன கொடுத்தார்கள்? கஞ்சி. நொய்க் கஞ்சி, பொரி கஞ்சி, மிளகு ரசம், குழைந்த சோறு. சில வீடுகளில் எதுவுமே கொடுக்காமல் பட்டினி போடுவதும் உண்டு. "லங்கணம் பரம ஔஷதம்" என்று அதற்கு ஒரு சொலவடை வேறு.

பட்டுக்குப் பெயர் வாங்கிய ஆரணி, அரிசிக்கும் பெயர் வாங்கிய ஊர். சுற்றிலும் அரிசி ஆலைகள். அப்படிப்பட்ட ஊரில், உடம்பு சரியில்லை என்றதும் அரிசியை ஒதுக்கிவிட்டுக் கோதுமை மாவில் செய்த பண்டத்தைத் தேடிப் போகிறோம். யோசித்தால் ஆச்சரியமாக இல்லையா?

5/
இந்தப் பண்டம் நம் பக்கம் பரவியதில் சிப்பாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் ராசா சாகிப்பின் படையையும் பிரெஞ்சுக்காரர்களையும் தோற்கடித்தது நம்ம ஆரணியில்தான். 1782 ஜூனில் ஹைதர் அலியும் ஐர் கூட்டும் மோதியதும் இங்கேதான். வட ஆற்காடு முழுக்கப் படைகள் நடந்த மண்.

ஐரோப்பியச் சிப்பாய்க்குச் சோறு சாப்பாடு அல்ல, ரொட்டிதான் சாப்பாடு. 19-ம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாயின் தினப்படியில் ஒரு பவுண்டு ரொட்டி, அதாவது சுமார் 450 கிராம், கட்டாயம் இருந்தது. பட்டாளம் இருந்த இடத்தில் ரொட்டி சுடும் அடுப்பும் இருந்தாக வேண்டும்.

6/
அந்தச் சிப்பாய் நோயில் விழுந்தால்? 1664 நவம்பர் 16 அன்று, செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் நோயுற்ற கம்பெனிச் சிப்பாய்களுக்காக ஒரு சின்ன ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து இன்று ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையாக நிற்கிறது. நாம் "சென்னை ஜி.ஹெச்." என்று சொல்வது.

அதாவது நம் நாட்டில் இங்கிலீஷ் ஆஸ்பத்திரி என்பது முதலில் ரொட்டி சாப்பிடும் ஆட்களுக்காக வந்தது. அவர்கள் ஊரில் தினமும் சாப்பிடுவதையே, நோய் வந்தால் பாலில் ஊற வைத்து மென்மையாக்கிக் கொடுத்தார்கள். நம் குழைந்த சோறு மாதிரி அவர்களுக்குப் பால் ரொட்டி. விஷயம் அவ்வளவுதான்.

7/
அன்றைய ஐரோப்பாவிலும் காய்ச்சல்காரரைப் பட்டினி போடும் பழக்கம் இருந்தது. வாட்டிய ரொட்டியை ஊற வைத்து வடித்த தண்ணீரைக்கூட நோயாளி உணவு என்று கொடுத்தார்கள். அதை எதிர்த்தவர் டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ். காய்ச்சல்காரர்களுக்குச் சோறு போட்டவன் என்று தன் கல்லறையில் எழுதினால் போதும் என்று சொன்னவர். தைராய்டு நோய்க்கு அவர் பெயர் இருப்பது தெரிந்திருக்கும். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய சாதனை.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலும் 1859-ல் வெளியிட்ட செவிலியர் குறிப்புகளில் நோயாளியின் சாப்பாட்டுக்கென்றே தனி அத்தியாயங்கள் வைத்தார்.

8/
வெள்ளைக்காரர் போனார். ஆஸ்பத்திரி நின்றது, பாலும் ரொட்டியும் நின்றது. இன்றும் அரசு மருத்துவமனை வார்டில் காலையில் பாலும் பிரட்டும் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதற்கு நடைமுறைக் காரணமும் இருக்கிறது: வெட்ட வேண்டாம், சூடாக்க வேண்டாம், கெட்டுப்போகாது, நூறு பேருக்குச் சட்டென்று பிரித்துக் கொடுக்கலாம்.

ஆனால் வெளியிலிருந்து பார்த்த நம் ஜனங்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? "ஆஸ்பத்திரியில கொடுக்கறாங்கன்னா அது மருந்துதான்." வசதிக்காகக் கொடுத்தது வைத்தியம் ஆகிவிட்டது.

9/
சரி, பிரட் எப்படி உப்புகிறது? இங்கேதான் கதை சுவாரசியமாகும்.

கோதுமை மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் குளூட்டன் என்ற புரதம் வலை மாதிரி இழுபடும். ஈஸ்ட் என்பது ஒரு செல் பூஞ்சை. மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் கொஞ்சம் சாராயச் சத்தையும் விடும். வாயு வலைக்குள் மாட்டி ஆயிரக்கணக்கான சின்ன பலூன்களாக ஊதும். அடுப்பில் சாராயச் சத்து பெரும்பாலும் ஆவியாகிவிடும், ஈஸ்ட் செத்துவிடும், பலூன்கள் அப்படியே இறுகிவிடும். பிரட் துண்டில் தெரியும் ஓட்டைகள் அவைதான்.

10/
நம் இட்லி மாவும் உப்புகிறதே, அதுவும் ஈஸ்ட்டா? பெரும்பாலும் இல்லை. இட்லி மாவை உப்ப வைப்பதில் முக்கிய ஆள் லூகோனாஸ்டாக் மெசன்டராய்ட்ஸ் என்ற பாக்டீரியா என்று 1965-ல் வெளியான ஆய்வு காட்டியது. அரிசியில் குளூட்டன் கிடையாது. வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. அதனால்தான் உளுந்து குறைந்தால் இட்லி கல்லாகிறது.

ஆக, புளிக்க வைப்பதில் நாம் கில்லாடிகள்தான். ஆனால் கோதுமை ரொட்டிக்கு ஈஸ்ட் வேண்டும். ஐரோப்பாவில் ரொட்டி சுடுபவர்கள் பீர் காய்ச்சும் இடத்தில் போய் மேலே மிதக்கும் நுரையை வாங்கி வருவார்கள். இங்கே பீருக்கு எங்கே போவது?

11/
நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். பனைமரம்!

ஆமாம், கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வெள்ளைக்காரர் காலத்து ரொட்டியைப் பல இடங்களில் கள் ஊற்றித்தான் புளிக்க வைத்தார்கள். பாளையிலிருந்து வடியும் சாற்றில் சர்க்கரை அதிகம். அதில் காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்தில் பெருகிவிடும். பிரட்டுக்குப் போடுகிற அதே சாக்கரோமைசஸ் செரிவிசியே அதிலும் உண்டு. கூடவே பாக்டீரியாக்களும் இருப்பதால் ரொட்டியில் லேசான புளிப்பு வரும்.

பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் இந்த நுண்ணுயிர்கள் வளராது. அப்போது கிடைப்பது பதநீர். சுண்ணாம்பு தடவாவிட்டால் கள். நுண்ணுயிரியல் என்ற வார்த்தை வருவதற்கு முன்பே பனையேறிக்கு இது தெரியும்.

12/
இந்த வித்தை போர்ச்சுகீசியரோடு கோவாவில் வேர்விட்டது. 1510-ல் கோவாவைப் பிடித்த பிறகு அவர்களுக்குக் கோதுமை ரொட்டி தேவை, ஈஸ்ட் இல்லை. தென்னங்கள் கைகொடுத்தது. அவர்கள் ரொட்டியைச் சொல்லும் வார்த்தைதான் மும்பையில் 'பாவ்' ஆனது. யாழ்ப்பாணத் தமிழர் இன்றும் பிரட்டைப் 'பாண்' என்கிறார்களே, அதுவும் அதே வார்த்தைதான். நம் பக்கம் அந்த வார்த்தை நிற்கவில்லை. ரொட்டி, பன், பிரட் என்று போய்விட்டது. வேலூர், ஆம்பூர் பக்கம் பாய் வீட்டுக் கல்யாணங்களில் பிரியாணியோடு வரும் பிரட் அல்வாவை மட்டும் யாரும் நோயாளி உணவு என்று சொன்னதில்லை!

13/
மெட்ராஸில் வாழ்ந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் வீட்டிலேயே ரொட்டி சுடவும் முயன்றார்கள். 1878-ல் மெட்ராஸில் 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்ற சமையல் புத்தகம் வந்தது. 'வைவர்ன்' என்ற புனைபெயரில் எழுதியவர் கென்னி-ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி. பேக்கிங் பவுடர் போட்டு வீட்டில் ரொட்டி சுடுவதை அவர் ஆதரித்தார்.

அந்த பேக்கிங் பவுடருக்குப் பின்னாலும் ஒரு மருத்துவக் கதை. 1843-ல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் அதைக் கண்டுபிடித்தது, ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக.

14/
இத்தனை ஆயிரம் வருடம் ரொட்டி சுட்டவர்களுக்கு, மாவு ஏன் உப்புகிறது என்று தெரியாது. ஈஸ்ட் உயிருள்ளது என்று 1830-களில் சிலர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னார்கள். பெரிய வேதியியலாளர்கள் கிண்டல் செய்தார்கள்.

1856-ல் பிரான்சில் பீட்ரூட்டிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலைக்காரர் ஒருவர், சரக்கு கெட்டுப்போகிறது என்று லூயி பாஸ்டரிடம் வந்தார். பாஸ்டர் தொட்டியில் இருந்ததை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். 1857-ல் பால் புளிப்பது பற்றியும், 1860-ல் சாராயம் புளிப்பது பற்றியும் எழுதினார். புளித்தல் என்பது வெறும் ரசாயனம் இல்லை, உயிர்களின் வேலை என்று நிலைநிறுத்தினார்.

15/
பட்டு ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்கணும். 1865-ல் அதே பாஸ்டரைப் பிரான்சின் பட்டுத் தொழிலைக் காப்பாற்றக் கூப்பிட்டார்கள். பட்டுப்புழுக்கள் மிளகுப்பொடி தூவியது போன்ற புள்ளி விழுந்து செத்துக்கொண்டிருந்தன. பெப்ரின் என்ற நோய். அதுவரை பட்டுப்புழுவைப் பற்றி எதுவும் தெரியாத மனிதர், அலெஸ் என்ற ஊரில் வருடக்கணக்கில் உட்கார்ந்தார். நடுவில் 1868-ல் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. வேலையை விடவில்லை.

அவர் கண்ட வழி எளிமையானது. முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். கிருமி இருந்தால் அதன் முட்டைகளை எரித்துவிடுங்கள்.

16/
இன்றும் இந்தியாவில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் மையங்களில் இதே தாய்ப்பூச்சிப் பரிசோதனை நடக்கிறது. ஆரணித் தறியில் ஓடும் நூலுக்குப் பின்னாலும் அந்த மைக்ராஸ்கோப் இருக்கிறது.

1885 ஜூலையில் அதே பாஸ்டர் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையனுக்கு முதல் தடுப்பூசி சிகிச்சை கொடுத்தார். ஜோசப் மைஸ்டர், ரொட்டி சுடுபவரின் மகன். எங்கள் ஊசி அறையில் தினமும் வரிசையில் நிற்கும் நாய்க்கடி ஊசியின் தொடக்கம் அது. ஈஸ்ட், பட்டு, நாய்க்கடி என்று மூன்றையும் தொட்டவர் ஒரே ஆள். கண்ணுக்குத் தெரியாத உயிர்தான் காரணம் என்ற ஒரே எண்ணம் மூன்றுக்கும் அடிப்படை.

17/
இனி நம் பக்கம் திரும்புவோம். கள்ளுக்கு என்ன ஆனது?

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1939-ல் அது நம் வட ஆற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. ஆரணி அப்போது வட ஆற்காட்டில்தான் இருந்தது. போர்க்காலத்தில் நடுவில் தளர்ந்தாலும், 1948 அக்டோபர் 2 முதல் மெட்ராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. பிறகு கடைகள் திறந்தன, மூடின. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை நீடிக்கிறது. கள்ளை நம்பி மாவு பிசைந்தவருக்கு இங்கே சட்டப்படி வழி அடைபட்டது. (யாரும் இந்தப் பதிவைப் பார்த்துக் கள் தேடிப் போகாதீங்க!)

18/
அதற்குள் உலகத்தில் ஈஸ்ட்டே கடைச்சரக்கு ஆகியிருந்தது. 1868-ல் அமெரிக்காவில் ஃபிளைஷ்மன் சகோதரர்கள் ஈஸ்ட்டை அழுத்திக் கட்டியாக்கி விற்கத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில், குளிர்சாதனப் பெட்டி இல்லாத இடத்திலும் சிப்பாய்க்கு ரொட்டி சுட வேண்டும் என்று உலர் ஈஸ்ட் வந்தது. 1970-களில் பிரான்சிலிருந்து, ஊற வைக்காமல் நேராக மாவில் போடும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். இன்று மளிகைக் கடையில் சின்னப் பாக்கெட்டில் வாங்குகிறோமே, அதுதான். அந்த மணல் மாதிரி குருணைக்குள் கோடிக்கணக்கான உயிர்கள் தூங்குகின்றன.

19/
பாக்கெட் பிரட் பரவிய காலத்துக்குப் பசிதான் பின்னணி. 1965, 66-ல் மழை பொய்த்தது. 1966-ல் மட்டும் இந்தியா சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதி செய்தது; பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி 1967 தேர்தலில் எதிரொலித்தது.

அந்த நேரத்தில்தான், 1965-ல், மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. கொழும்புத் திட்ட உதவியோடு இயந்திரங்கள் வந்து, சென்னை உட்படப் பல நகரங்களில் மெழுகுத்தாள் சுற்றிய பிரட் கிடைத்தது. அரசே சுட்டு விற்ற பிரட். 2000-ல் அதைத் தனியாருக்கு விற்றார்கள்.

20/
வேகமும் கூடியது. 1961-ல் இங்கிலாந்தின் சோர்லிவுட்டில், அதிவேகமாகப் பிசைந்து, மணிக்கணக்கில் புளிக்க விடாமலே பிரட் செய்யும் முறை வந்தது. இப்படி அவசரப்படுத்தினால் மாவைப் பலப்படுத்த ஏதாவது சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கப்பட்டவற்றில் ஒன்று பொட்டாசியம் புரோமேட். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள். 2016-ல் டெல்லியில் ஓர் ஆய்வு 38 மாதிரிகளில் 84 சதவீதத்தில் புரோமேட் அல்லது அயோடேட் இருப்பதைக் காட்டிய பிறகு, நம் நாட்டில் புரோமேட்டுக்குத் தடை வந்தது. வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் படிப்பது நல்ல பழக்கம்.

21/
இப்போ முதலில் சொன்ன மருந்துக் கதை.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் வந்தார். அங்கே ஏழைக் கர்ப்பிணிகள், ஜவுளித் தொழிலில் உழைத்தவர்களும் அதில் அடக்கம், கடுமையான ரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். ரத்தச் சிவப்பணுக்கள் வீங்கிப் பெரிதாக இருந்தன. இரும்புச்சத்து கொடுத்தாலும் சரியாகவில்லை. என்ன சாப்பிடுகிறார்கள் என்று தேடினார் லூசி. காரணம் கிருமி இல்லை, சாப்பாட்டில் ஏதோ ஒரு சத்து இல்லை என்று புரிந்தது.

22/
எலிகளிலும் குரங்குகளிலும் சோதித்தார். நம் குன்னூரிலும் வேலை செய்தார். கடைசியில் குணமாக்கியது எது தெரியுமா? பீர் ஆலையில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்த மார்மைட். பிரட்டில் தடவிச் சாப்பிடும் மலிவான கருப்புப் பசை!

அதைக் கொடுத்த சில நாட்களில் பெண்களுக்குப் பசி திரும்பியது, சிவப்பணுக்கள் ஏறின. 1931-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அதே வருடம் மெட்ராஸ் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். இன்று அது அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஈஸ்ட்டில் இருந்த, அப்போது பெயர் தெரியாத அந்தப் பொருளை 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தார்கள்.

23/
1941-ல் அந்தப் பொருளைப் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். அதைச் செயற்கையாகத் தயாரித்த செய்தி 1945-ல் வந்தது. தயாரித்தது அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகம். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் கோட்டு போட்டதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர் என்பார்கள்.

ஜவுளித் தொழிலாளிப் பெண்களிடம் தொடங்கி, மெட்ராஸ் மாணவர் ஒருவர் கையில் முடிந்த மருந்து.

24/
அந்த மருந்துதான் இன்று கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தரும் சிவப்பு மாத்திரையில் இருக்கிறது. 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள்.

அன்று ஐயாவோடு வந்த மருமகளிடம் கேட்டேன்: "மாத்திரை சாப்பிடறியாம்மா?"
"கருப்பா போகுது டாக்டர். பயந்துட்டு நிறுத்திட்டேன்."
கண் இமையைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 7.8.

25/
மாமனாருக்கு மருந்தே இல்லாத பிரட்டை மருந்தென்று ஐந்து நாள் விடாமல் வாங்கிக் கொடுத்த பெண், ஈஸ்ட்டிலிருந்து வந்த உண்மையான மருந்தை நிறுத்தியிருக்கிறார். யாருமே அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

இதைப் படிக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்: மலம் கருப்பாவது இரும்பினால், பயம் வேண்டாம். குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்க. டீ, காபி, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீங்க. நிறுத்துவதற்கு முன் எங்களை ஒரு வார்த்தை கேளுங்க. குழந்தைக்குத் திட்டமிடும்போதே ஃபோலிக் அமிலம் தொடங்கிவிட்டால் சிசுவின் முதுகுத்தண்டுக் குறைபாடு வரும் வாய்ப்பு குறையும்.

26/
காய்ச்சலுக்கு என்ன சாப்பிடலாம்? எப்போதும் சாப்பிடுவதைக் கொஞ்சம் மென்மையாக. இட்லி, இடியாப்பம், ரசம் சோறு, பருப்புக் கஞ்சி, வேகவைத்த முட்டை, மோர். காய்ச்சலில் உடம்புக்குச் சக்தியும் புரதமும் அதிகம் வேண்டும். பிரட் ஒரு துண்டில் புரதம் இரண்டு, இரண்டரை கிராம்தான். வயிற்றுப்போக்கு இருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலோடு சாப்பாடும் தொடரட்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காய்ச்சலில் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்க. வாய் கசந்து பிரட் மட்டும்தான் இறங்குகிறது என்றால் ஒரு வேளை சாப்பிடுங்க, குற்றமில்லை. கூட ஒரு முட்டையோ பருப்புத் தண்ணியோ இருக்கட்டும்.

27/
ஆசைக்கு பிரட் சாப்பிடுபவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சுட்டுப் பாருங்க.

மைதா 250 கிராம், கோதுமை மாவு 250 கிராம், தண்ணீர் 320 மி.லி., உப்பு ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன். ஆரணி வெயிலில் ஈஸ்ட் அரை டீஸ்பூன் போதும், பானைத் தண்ணீர் ஊற்றுங்க. குளிர்காலத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். கை சுட்டால் ஈஸ்ட்டும் செத்துவிடும்.

பத்து நிமிடம் நன்றாகப் பிசையணும். மாவு இறுக்கமாக இருந்தால் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம்.

28/
மூடி வைத்து இரட்டிப்பாகும் வரை விடுங்க. வெயிலில் முக்கால் மணி நேரம், மார்கழியில் ஒன்றரை மணி நேரம். காற்றை அழுத்தி எடுத்து, உருட்டி, எண்ணெய் தடவிய டின்னில் வைத்து இன்னொரு அரை மணி நேரம். விரலால் லேசாக அழுத்தினால் குழி மெதுவாகத் திரும்ப வேண்டும்.

ஓவனில் 200 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். ஓவன் இல்லாவிட்டால் கனமான அடுக்கில் ஓர் அங்குலம் மணல் போட்டு, மூடிப் பத்து நிமிடம் காய வைத்து, ஸ்டாண்ட் மேல் டின்னை வைத்து மிதமான தீயில் 40, 45 நிமிடம். குக்கர் வேண்டாம். அடியைத் தட்டினால் காலிப் பானை மாதிரி சத்தம் வந்தால் வெந்துவிட்டது. முழுக்க ஆறிய பிறகு வெட்டுங்க.

29/
இதுவும் மாவுதான், சர்க்கரை ஏற்றும்தான். வீட்டில் செய்ததால் மருந்தாகிவிடாது. என்ன போட்டோம் என்று நமக்குத் தெரியும், அந்த நிம்மதி மட்டும் உண்டு.

கடைசியில் ஐயா கேட்டார்: "அப்போ பன்னே சாப்பிடக் கூடாதா டாக்டர்?"
"சாப்பிடுங்க ஐயா. சாயங்காலம் டீக்கடையில ஒரு பன், சர்க்கரை இல்லாத டீயோட, எப்பவாவது. அன்னிக்கு ராத்திரி இட்லியில ரெண்டைக் குறைச்சுக்கோங்க. பன்னுன்னு நினைச்சுச் சாப்பிடுங்க, மருந்துன்னு நினைச்சுச் சாப்பிடாதீங்க."

மருமகள் கையில் சிவப்பு மாத்திரை அட்டையைக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பாதியில் நின்றுபோன அட்டை இருந்தால், இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்க.